ரசிகர் உரையாடலும் அதன் பாதுகாப்பும்: அறிபுனை, மிகுபுனைவு வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்



அறிவியல் புனைகதை, சுருக்கமாக அறிபுனை, என்பது அறிவியலின் ஒரு சாத்தியத்தை எடுத்துக்கொண்டு, அது மெய்யானால் மனித வாழ்வு என்னவாகும் என்பதைக் கதையாக விரிக்கும் எழுத்து; மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி என்று பலரும் அறிந்திருப்பது, மாயமும் தொன்மமும் இயல்பாக நிலவும் வேறோர் உலகை அதற்குரிய மொழியோடும் வரலாற்றோடும் நிலப்படத்தோடும் படைத்துக்காட்டும் எழுத்து. இவ்விரு வகைகளின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் நாவல்களோடும் ஆசிரியர்களோடும் நின்றுவிட முடியாது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவையும், அவர்கள் எழுப்பிய ஐயங்களும், இட்ட சண்டைகளும், தொகுத்த குறிப்புகளும் அந்த நாவல்களின் உருவத்தையே பலமுறை மாற்றியிருக்கின்றன. ஆனால் இந்த உரையாடல் இலக்கியத்தின் ஓரத்தில் நடக்கும் பொழுதுபோக்கு என்ற எண்ணம், அதில் பங்குகொள்பவர்களிடமே வேரூன்றியிருப்பதால், அது எழுதப்படும் வேகத்திலேயே அழிந்தும் வருகிறது. அதைக் காக்கும் பொறுப்பை ரசிகர்கள் தாமே ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல் எழுதப்படுகிறது.

உரையாடலின் தொடக்கம் இணையத்துக்கு அரை நூற்றாண்டு முந்தையது. லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி வானொலித் தொழில்நுட்ப இதழ்களை நடத்திவந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அறிபுனைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. அவ்விதழின் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் பெயரோடு முழு முகவரியும் அச்சிடப்பட்டது என்பதுதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் வித்து. சிற்றூர் ஒன்றில், தன் ஆர்வத்தைப் பகிர ஒருவரும் இல்லாமல் இருந்த இளைஞர், அந்த முகவரியைப் பார்த்து மற்றோர் ஊரில் இருந்த தன்னையொத்த ஒருவருக்கு நேரடியாகவே எழுத முடிந்தது. அதன்பின் ஆசிரியரின் தயவோ இதழின் பக்க அளவோ அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. கடிதத் தோழமைகள் சங்கங்களாயின. சங்கங்கள் தமக்கென இதழ்கள் நடத்தத் தொடங்கின. சிகாகோவைச் சேர்ந்த ஒரு சங்கம் 1930 மே மாதத்தில் வெளியிட்ட 'தி காமெட்' இவற்றுள் முதலாவது என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. ஃபேன்ஸீன் என்று பின்னாளில் பெயர்பெற்ற இத்தகைய ரசிகர் இதழ்கள் ஜெலட்டின் தட்டில் ஊதா மை ஏற்றிப் படியெடுக்கப்பட்டன, அல்லது ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டன. விற்பனை நோக்கமின்றி, பெரும்பாலும் மற்றோர் இதழுக்கோ ஒரு கடிதத்துக்கோ ஈடாகவே அவை கைமாறின.

இதனினும் நுட்பமான ஓர் ஏற்பாட்டை 1937இல் டொனால்ட் வால்ஹைம் என்ற ரசிகர் முன்னின்று நிறுவினார். ஃபேன்டசி அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன் எனப்பட்ட அந்த அமைப்பில் ஒவ்வோர் உறுப்பினரும் தம் இதழை உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்பப் படியெடுத்து ஒருவருக்கு அனுப்புவார். அவர் எல்லாருடைய இதழ்களையும் கட்டுகளாகச் சேர்த்து அனைவருக்கும் திருப்பி அனுப்புவார். அடுத்த கட்டில் ஒவ்வொருவரும் முந்தைய கட்டில் வந்த மற்றவர்களின் எழுத்துக்குப் பதில் எழுதுவார்கள். இன்று ஒரு பதிவின் கீழ் வரிசையாகச் சேரும் பின்னூட்டங்களின் இலக்கணம் முழுவதும், மூன்று மாத இடைவெளியோடு, அங்கே இருந்தது.

அந்த இளைஞர்கள் அனைவரும் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. முதல் உலக அறிபுனை மாநாடு 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடியபோது, அரசியல் வேறுபாட்டாலும் பழைய பகையாலும், வால்ஹைம், ஃபிரெடரிக் போல் உள்ளிட்ட ஃபியூச்சரியன்கள் என்ற குழுவினர் சிலர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுக்கப்பட்ட வால்ஹைம் அமெரிக்காவின் முக்கியமான அறிபுனைப் பதிப்பாசிரியர்களுள் ஒருவரானார். போல் நாவலாசிரியராகவும் இதழாசிரியராகவும் புகழ்பெற்றார். அக்குழுவோடு பழகியும் உள்ளே அனுமதிக்கப்பட்ட பத்தொன்பது வயது ஐசக் அசிமோவும், மற்றொரு ரசிகரிடம் கடன் வாங்கி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்திருந்த ரே பிராட்பரியும் என்னவானார்கள் என்பதை இம்மடலைப் படிப்பவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அன்று யார் 'உண்மையான' ரசிகர் என்று தீர்ப்பளித்தவர்களின் பெயர்களைவிட வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களே இன்று அதிகம் அறியப்படுகின்றன என்பதை, புதிதாக வரும் வாசகரிடம் அறிவுத்தேர்வு நடத்தும் இன்றைய குழுக்கள் கருத்தில் கொள்வது நல்லது.

கணினிவழி உரையாடல் இந்த மரபின் தொடர்ச்சியாகவே வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் ஆய்வு நிறுவனங்களை இணைப்பதற்காக அமைக்கப்பட்ட ஆர்பாநெட் வலையில், 1979ஆம் ஆண்டளவில், எஸ்எஃப்-லவர்ஸ் என்ற மின்மடல் குழு தோன்றியது. ஆராய்ச்சிப் பணிக்கென இருந்த வலையில் மிகுதியாகப் புழங்கிய தொடக்ககாலக் குழுக்களில் ஒன்று நாவல்களைப் பற்றியது என்பது கவனத்துக்குரியது. அதே காலத்தில் வட கரோலினாவின் இரு பல்கலைக்கழகங்களில் தொடங்கிய யூஸ்நெட், செய்திகளை ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குப் படியெடுத்துக் கடத்தும் முறையில் இயங்கியது. அதற்கு ஒரே உரிமையாளரோ ஒரே இருப்பிடமோ இல்லை. கதையின் திருப்பத்தைப் படிக்காதவருக்கு முன்கூட்டியே வெளிப்படுத்திவிடாமல் காக்கும் வழக்கம் அங்கேதான் நெறியாக உருப்பெற்றது: திருப்பத்தைச் சொல்லுமுன் ஒரு திரையளவு வெற்று வரிகளை விட்டார்கள், அல்லது ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதி, விரும்பியவர் மட்டும் பிரித்துப் படிக்கும்படி செய்தார்கள். முன்பின் அறியாத ஒருவருடைய முதல் வாசிப்பின் இன்பத்தைக் காக்க இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட வாசகர் கூட்டம் பெருமைக்குரியது.

இத்தகைய உரையாடல் ஒரு நாவல் தொடரோடு எவ்வளவு ஆழமாகப் பின்னிக்கொள்ள முடியும் என்பதற்கு ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' தொடர் சான்றாகும். 1990இல் தொடங்கிய அத்தொடரின் ஐந்தாம் நாவலில், 1993இல், ஆஸ்மோடியன் என்ற பாத்திரம் கொல்லப்படுகிறது. கொன்றவர் யார் என்று ஆசிரியர் எழுதவில்லை. கவனமாக வாசிப்பவருக்கு விடை தெளிவானதே என்று ஜோர்டன் கூறிவந்ததால், யூஸ்நெட்டில் அத்தொடருக்கென்றே இருந்த குழுவில் ஒவ்வொரு பாத்திரமும் அப்போது எங்கே இருந்தது, யாருக்குக் காரணம் இருந்தது, யாருக்கு வாய்ப்பு இருந்தது என்று ஒரு குற்ற விசாரணைக்குரிய ஒழுங்கோடு வாதங்கள் அடுக்கப்பட்டன. அவை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான நெடிய தொகுப்புகளாகத் திரட்டப்பட்டு, ஒவ்வொரு புதிய நாவலுக்குப் பின்னும் திருத்தப்பட்டன. விடை 2010இல் வெளியான பதின்மூன்றாம் நாவலின் சொற்பட்டியலில், ஒரு குறிப்பாக வந்தது. இன்னும் படிக்காதவர்களை எண்ணி இம்மடல் அதை வெளியிடாது. பதினேழு ஆண்டுகள் ஒரு கேள்வியைச் சுற்றி நடந்த அந்த விவாதம் வாசிப்புக் கலையின் ஆவணம். ஒரு நாவலின் வாக்கியங்களை எத்தனை நுணுக்கமாகப் படிக்க முடியும் என்று பிற்கால ஆய்வாளர் அறிய விரும்பினால் அந்த வாதங்களையே நாட வேண்டியிருக்கும்.

ஜோர்டன் 2007 செப்டம்பரில், தொடரை முடிக்காமலே மறைந்தார். இளமையிலிருந்தே அத்தொடரின் வாசகராக இருந்தவரும், அப்போது சில நாவல்களே வெளியிட்டிருந்தவருமான பிராண்டன் சாண்டர்சன் தம் வலைத்தளத்தில் ஓர் அஞ்சலி எழுதினார். ஜோர்டனின் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகலின் பார்வைக்கு அந்த அஞ்சலி கொண்டுசெல்லப்பட்டது. தொடரை முடிக்க அவர் தேர்ந்தெடுத்தது சாண்டர்சனை. 2013இல் வெளியான இறுதி நாவல்வரை நீண்ட அப்பணியின் தொடக்கத்தில் இருப்பது, ஒரு ரசிகர் துயரத்தோடு இணையத்தில் எழுதிய சில பத்திகள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் உலகைப் பற்றிய மிகப் பெரிய ரசிகர் தளத்தை நடத்திவந்த எலியோ கார்சியா, லிண்டா அன்டன்சன் ஆகிய இருவர், 2014இல் வெளியான 'தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நூலை மார்ட்டினோடு சேர்ந்து எழுதியதையும் இவ்விடத்தில் நினைக்கலாம்.

அறிபுனையில் வாசகரின் பங்கு வேறு வகையானது. அங்கே அது பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதாக இருக்கும். லாரி நிவன் 1970இல் வெளியிட்ட 'ரிங்வேர்ல்ட்' நாவலில், ஒரு விண்மீனைச் சுற்றிப் பூமியின் சுற்றுப்பாதையளவு விட்டத்தில் அமைக்கப்பட்ட பிரம்மாண்டமான வளையமே உலகம். அதன் உட்பரப்பில் மக்கள் வாழ்கிறார்கள். கோள் ஒன்று தன் பாதையில் நிலைத்திருப்பதைப் போல முழு வளையம் நிலைத்திருக்காது. அது சற்றே ஒரு பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கத்து ஈர்ப்பு மிகுந்து, நகர்வு பெருகி, இறுதியில் விண்மீன் மீதே மோதும். 1971இல் பாஸ்டனில் நடந்த உலக மாநாட்டில் எம்ஐடி மாணவர்கள் இந்தக் குறையை முழக்கமாகவே எழுப்பினார்கள். நிவன் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல், வளையத்தின் விளிம்பில் அதை நிலைநிறுத்தும் உந்துபொறிகளை அமைத்து, அவற்றை மையமாகக் கொண்டே அடுத்த நாவலை எழுதினார். மாநாட்டு விடுதியில் எழுந்த முழக்கம் நூலாக ஏறத்தாழ பத்தாண்டு ஆயிற்று. இணையம் அந்த இடைவெளியை வாரங்களாகக் குறைத்தது: ஆண்டி வெயர் 2009 முதல் தம் வலைத்தளத்தில் 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது, வேதியியலும் பொறியியலும் அறிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டி எழுதினார்கள், அவர் திருத்தினார். தளத்தில் படிக்க இயலாத வாசகர்கள் கேட்டதாலேயே அது 99 சென்ட் விலையில் மின்னூலாயிற்று; பிறகுதான் அச்சுப் பதிப்பும் திரைப்படமும் வந்தன.

டிஸ்க்வேர்ல்ட் நாவல்களை எழுதிய டெர்ரி பிராட்செட்டுக்கும் அவருடைய வாசகர்களுக்கும் இருந்த உறவைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1990களில் யூஸ்நெட்டில் அவருடைய பெயரால் அமைந்த ரசிகர் குழுவில் அவரே வந்து பேசினார். நாவல்களில் ஒளிந்திருந்த நகைச்சுவைகளையும் குறிப்புகளையும் வாசகர்கள் ஒன்றுகூடித் தொகுத்த விளக்கக் கோவை ஓர் உரையாசிரியர் மரபுக்கே உரிய உழைப்பாக வளர்ந்தது. 2004இல் வெளியான 'கோயிங் போஸ்டல்' நாவலில் கிளாக்ஸ் என்ற செய்திக் கோபுர வரிசை வருகிறது; பணியில் இறந்த ஒருவரின் பெயரைக் கோபுரம் கோபுரமாக ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பது அங்குள்ளவர்களின் வழக்கம், பெயர் சொல்லப்படும்வரை அவர் முற்றிலும் இறந்துவிடவில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. பிராட்செட் 2015 மார்ச்சில் மறைந்தபோது, அவருடைய வாசகர்களாக இருந்த கணினி வல்லுநர்கள், இணையப் பக்கம் ஒன்றைக் கேட்கும் கணினிக்கு, சர்வர் எனப்படும் வழங்கி அனுப்பும் தலைப்புத் தகவலில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியாக அவருடைய பெயரைச் சேர்த்தார்கள். செய்தி நிறுவனங்களின் வழங்கிகள்கூட அந்த வரியை அனுப்பின. ஒரு கதையின் சடங்கை வாசகர்கள் தம் தொழிலின் கருவிகளைக் கொண்டே மெய்யாக்கிய நிகழ்வு இலக்கிய வரலாற்றில் அரிது. இதைக் குறிக்கும்போது உணர்ச்சிவசப்படுவது ஆய்வு நடைக்குப் பொருந்தாது எனினும், வாசிப்பை நேசிக்கும் எவருக்கும் அது தவிர்க்க இயலாதது.

ஆனால் ஓர் ஆசிரியரின் பெயரை இவ்வாறு காத்த அதே கூட்டம் தன் சொந்தச் சொற்களைக் காக்கவில்லை. 1990களின் ரசிகர் பக்கங்களில் மிகப் பலவற்றைத் தாங்கியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் அவசரமாகப் படியெடுத்தவையே மிஞ்சின. லைவ்ஜர்னல் தளத்தில் 2007 மே மாத இறுதியில் ஏறத்தாழ 500 கணக்குகள் முன்னறிவிப்பின்றி முடக்கப்பட்டபோது, அவற்றுள் புனைவு பற்றிப் பேசிய ரசிகர் குழுக்களும் சிக்கின. சில மீட்கப்பட்டன என்றாலும் நம்பிக்கை மீளவில்லை. யாஹூ குழுமங்களில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த மடல்களை அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தவர்கள் சில மாதங்களே அவகாசம் கொடுத்தார்கள். தமிழ் வாசகர்களுக்கும் இது அயலார் இழப்பன்று. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ் இலக்கியக் குழுமங்கள் அதே யாஹூ ஏற்பாட்டில் இயங்கியவை; யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் எழுதப்பட்ட அக்காலத் தமிழ் மடல்கள் எங்கேனும் தப்பியிருந்தாலும், உரிய எழுத்துருவோ மாற்றியோ இல்லாமல் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். படி இருந்தும் படிக்க முடியாமல் போவது என்ற இரண்டாம் அழிவு இது.

தாளில் நடந்த உரையாடல் இவ்வளவு எளிதில் அழியவில்லை என்பதுதான் வியப்புக்குரியது. 1930களின் மலிவான தாளில் ஊதா மையில் எடுத்த சில டஜன் படிகள் பலருடைய பெட்டிகளில் பிரிந்து கிடந்ததாலேயே தப்பின. அவற்றைத் திரட்டியவர்களும் ரசிகர்களே. அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள ஹெவலின் தொகுப்பும், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் உள்ள ஈட்டன் தொகுப்பின் ரசிகர் இதழ்களும் தனிப்பட்ட வாசகர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்தவற்றிலிருந்து வளர்ந்தவை. ஃபியூச்சரியன்களில் ஒருவராக இருந்த ஜூடித் மெரில் 1970இல் தம் நூல்களை டொரண்டோ பொது நூலகத்துக்கு அளித்ததிலிருந்து அங்கே ஒரு தனித் தொகுப்பு உருவாயிற்று. அதே நகரின் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிப் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் யூஸ்நெட் செய்திகளைக் காந்த நாடாக்களில் பதிந்து வைத்திராவிட்டால், அத்தசாப்தத்தின் ரசிகர் பேச்சில் பெரும்பகுதி இன்று இல்லை. பல படிகள் பலரிடம் இருந்தமையும், யாரேனும் ஒருவர் பயன் கருதாமல் சேர்த்துவைத்தமையும் இவை தப்பியதற்குக் காரணங்கள். இன்றைய பெருநிறுவனத் தளங்களில் இவ்விரண்டுமே இல்லை: படி ஒன்றே, அதுவும் நிறுவனத்திடமே.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2007இல், மேற்சொன்ன லைவ்ஜர்னல் முடக்கத்தை ஒட்டிய மாதங்களில், டெமரேர் நாவல்களின் ஆசிரியரும் நெடுநாளைய ரசிகருமான நவோமி நோவிக் உள்ளிட்டோர், ரசிகர்களே உரிமைகொண்டு, விளம்பரமின்றி, நன்கொடையால் நடத்தும் ஒரு சேமிப்பகம் வேண்டும் என்று முடிவுசெய்து இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றை நிறுவினர். அவ்வமைப்பு 2009 நவம்பரில் பொதுவுக்குத் திறந்த ஏஓ3 என்ற சேமிப்பகம் தன் சொந்த வழங்கிகளில் இயங்குகிறது. மூடப்படும் நிலையிலுள்ள பழைய ரசிகர் தளங்களை ஏற்றுக்கொள்ளத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. 2019இல் டப்ளின் உலக மாநாட்டில் அதற்கு அறிபுனை, மிகுபுனைவுக்கான ஹ்யூகோ விருது வழங்கப்பட்டது. ஆனால் அச்சேமிப்பகம் முதன்மையாக ரசிகர்கள் எழுதும் புனைகதைகளுக்கானது. நாவல்களைப் பற்றிய விவாதங்கள், விமர்சனங்கள், விளக்கக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு அத்தகைய உறுதியான வீடு இன்னும் அமையவில்லை. உரிமையாளர் மாறினால் விதியும் மாறிவிடும் இடங்களிலேயே அவை தேங்கிக் கிடக்கின்றன.

ஆகவே இம்மடல் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு நாவலைப் பற்றி உழைத்து எழுதிய கட்டுரையை எந்தத் தளத்தில் வெளியிட்டாலும், அதன் படி ஒன்றை எளிய உரைக்கோப்பாகத் தன்னிடம் வைத்திருக்கலாம். தேதியையும், எந்தப் பதிப்பைப் படித்து எழுதியது என்பதையும் அதில் குறிக்கலாம். ஒரு விவாதம் நன்றாக அமைந்தபோது, அதன் முகவரியை இணையக் காப்பகத்தில் சேமிக்கக் கேட்பது சில நொடிகளின் வேலை. குழு நடத்துபவர்கள் ஆண்டுக்கொரு முறை உள்ளடக்கத்தை இறக்கி, ஒருவருக்கு மேற்பட்டவரிடம் வைப்பது, குழுவின் விதிகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும். பழைய குழுமங்களின் மடல்கள் யாருடைய பழைய கணினியிலேனும், அஞ்சல் பெட்டியிலேனும் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் பணி இப்போதே தொடங்கப்பட வேண்டும். பழைய குறியேற்றங்களைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் இருக்கும்போதே அது எளிது.

ஓர் எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். எழுதியவர் ஒருவர் தம் இளமைக்கால எழுத்து தம் பெயரோடு என்றும் நிலைத்திருப்பதை விரும்பாமல் இருக்கலாம். காப்பது என்ற பெயரில் அந்த உரிமையை மீறுவது முறையன்று, அழிக்க விரும்பியவரின் சொல்லை மற்றவர்கள் பிடித்துவைத்துக்கொள்வதும் நட்பன்று. ஏஓ3 இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: எழுதியவர் விரும்பினால் எழுத்தை அங்கேயே விட்டுவிட்டுத் தம் பெயரை மட்டும் அதிலிருந்து முற்றாக விலக்கிக்கொள்ளலாம், முழுவதையும் நீக்கவும் அவருக்கு உரிமை உண்டு. தமிழிலோ பிற மொழிகளிலோ ரசிகர் குழு ஒன்றைப் புதிதாகத் தொடங்குபவர்கள், உறுப்பினர் சேருமுன்பே இந்த இரு வாய்ப்புகளையும் விதிகளில் எழுதிவைத்து, படியெடுத்துச் சேமிக்கப்படும் என்பதையும் அதே இடத்தில் அறிவித்துவிட்டால், பின்னாளில் எவரிடமும் தேடிச்சென்று அனுமதி கேட்க வேண்டிய நிலை எழாது.